செம்பை விட்டு இறங்கிய நம்பர்

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு நாற்பது வருஷமாக ஒரே டெலிபோன் நம்பர். நடுவில் அதன் தலைப்பக்கம் இலக்கங்கள் கூடின. வால்பக்கம் மாறவே இல்லை. மோட்டார் மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகட்டில் அந்த நம்பர் இருக்கிறது. டீலர் கடை போர்டில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் பம்ப் ரூம் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். நம்பர் அப்படியே இருக்க, அதைத் தாங்கி வந்த லைன் உடம்பு மாறிக்கொண்டே வந்தது. முதலில் செம்புக் கம்பி, அப்புறம் பிஆர்ஐ, இப்போது சிப் ட்ரங்க். பேச்சை இன்டர்நெட் பாஷையில் கொண்டுபோகிற லைனுக்குத்தான் அந்தப் பெயர். கடைசி மாற்றத்துக்குத் திட்டம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

செம்புக் காலத்தில் அந்த லைனின் மறுமுனை எக்ஸ்சேஞ்சின் பேட்டரி ரூமில் இருந்தது. ஆசிட் வாடை அடிக்கும் அந்த அறையிலிருந்து 48 வோல்ட் டிசி கிளம்பும். ஊர் லைன்கள் எல்லாம் வந்து சேரும் எம்டிஎஃப் சட்டத்தில் ஏறி, மண்ணுக்கடியில் நூற்றுக்கணக்கான ஜோடிகளோடு ஒரே கேபிளில் படுத்து, தெருமுனைப் பில்லரில் ஒருமுறை தலைகாட்டி, டிபி பாக்ஸில் பிரிந்து, ட்ராப் வயராகக் கம்பெனிச் சுவரைத் தொடும். பாசிட்டிவ் முனையைத்தான் எர்த் செய்திருப்பார்கள், ஆகவே லைனில் வருவது மைனஸ் 48. ஈர மண்ணில் கிடக்கும் செம்பு மின்னரிப்பில் கரையாமல் இருக்க அந்தக் கால எஞ்சினியர்கள் கண்ட வழி அது. ரிசீவரைத் தூக்கினால் சுற்று மூடிக்கொள்ளும், கரண்ட் ஓடும், எக்ஸ்சேஞ்ச் விழித்துக்கொண்டு டயல் டோன் கொடுக்கும். மணி அடிக்க மட்டும் 75 வோல்ட் அளவில் ஏசி வரும். மழை நாளில் வெறுங்கையால் ஜாயிண்ட் போடும் லைன்மேன் அந்த நேரத்தில் கெட்ட வார்த்தை சொல்வது அதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் போனுக்குப் பிளக் கிடையாது என்பது. 2012-ல் கோவைப் பக்கம் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. பட்டறைகள் ஷிஃப்டை நள்ளிரவுக்கு மாற்றிக்கொண்டன. லேத் நிற்கும், ஃபேன் நிற்கும், கம்ப்யூட்டர் அணையும், மேசை மேல் இருக்கிற போன் மட்டும் கூப்பிட்டால் அடிக்கும். எக்ஸ்சேஞ்ச்காரர்கள் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் வைத்து ஊருக்கே மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் பில்லில் அதற்கென்று தனி வரி எதுவும் இருந்ததில்லை. அதனால் கம்பெனிக்காரர்கள் யாருக்கும் அப்படி ஒன்று கிடைத்துக்கொண்டிருக்கிறது என்றே தெரியாது.

லைனின் முன்னோர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1882 ஜனவரியில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகிய ஊர்களில் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. மெட்ராஸில் அது எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்தது. நம்பரைச் சொன்னால் கையால் வயரைச் சொருகி இணைத்துக் கொடுக்கும் காலம். கையை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். தொழிலால் சவ அடக்கம் செய்பவர். போட்டிக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஸ்ட்ரோஜருக்கு வந்த கால்களைத் தன் கணவருக்குத் திருப்பிவிட்டதால் வந்த ஆத்திரத்தில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, 1891-ல் வாங்கிய பேட்டண்ட் உண்மை. வெளியூருக்கும் ஆபரேட்டர் கை படாமல் போடும் எஸ்டிடி இந்தியாவில் 1960-ல் லக்னோ, கான்பூர் நடுவே தொடங்கியது.

நம் கம்பெனிக்கு முதல் லைன் கிடைத்தது, ஓஒய்டி என்று முன்பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில். எம்.பி. கோட்டாவில் கனெக்‌ஷன் கிடைத்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். பிறகு ஒன்று நாலானது, நாலு எட்டானது. ஒரு நம்பரைப் போட்டால் காலியாக உள்ள லைனுக்கு ஓடும் ஹன்டிங் வந்தது. கால்களை எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துவிடும் இபிஏபிஎக்ஸ் பெட்டி சுவரில் ஏறியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆபரேட்டர் அம்மா உட்கார்ந்தார். டயலின் துளையில் குட்டிப் பூட்டு ஒன்று தொங்கியது; சாவி மேனேஜரிடம்.

அடுத்த உடம்பு பிஆர்ஐ. அதன் விதை 1937-ல் விழுந்தது. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கில எஞ்சினியர், பேச்சை அலையாக அனுப்பாமல் நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக அனுப்பலாம் என்று சொன்னார். அன்றைக்கிருந்த வால்வுகளை வைத்து அதைக் கட்டுபடியாகும் விலையில் செய்ய முடியவில்லை. ட்ரான்சிஸ்டர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. நொடிக்கு 8,000 அளவு, ஒவ்வொன்றும் 8 பிட், ஆகமொத்தம் 64,000 பிட். அப்படி 32 அறைகளை வரிசையாக ஓடவிட்டால் அதுதான் 2.048 எம்பிபிஎஸ் பிஆர்ஐ. ஓர் அறை தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்ள, இன்னொன்று யார் யாரைக் கூப்பிடுகிறார் என்ற செய்திக்கு, மீதி 30-ல் பேச்சு. கம்பெனிக்கு இதனால் நூறு நம்பர் கொண்ட ஒரு வரிசை கிடைத்தது. பர்ச்சேஸுக்கு ஒன்று, சர்வீஸுக்கு ஒன்று என்று நேரடியாக அடிக்கலாம். ஆனால் 30 என்றால் 30. முப்பத்தோராவது ஆள் காத்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு முழு பிஆர்ஐ வாங்க வேண்டும். பத்துப் பேர்தான் பேசுகிறார்கள் என்றாலும் முழு வாடகைதான்.

இதற்கிடையில் வேறொரு வம்சம் வளர்ந்துகொண்டிருந்தது. 1974-ல் டேனி கோஹனும் அவருடைய கூட்டாளிகளும் இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பிப் பார்த்தார்கள். 1995-ல் வோக்கல்டெக் கம்பெனி கம்ப்யூட்டரில் பேசும் மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஹென்னிங் ஷுல்ஸ்ரினும் மார்க் ஹேண்ட்லியும் ‘சிப்’ முறையை எழுதத் தொடங்கினார்கள். 1999-ல் அது தரநிலையாக வந்து, 2002-ல் திருத்தி எழுதப்பட்டது. இன்றும் உலகம் அந்த 2002 வடிவத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இன்டர்நெட் டெலிபோனுக்கு அனுமதி வந்தது. ஆனால் உள்நாட்டு போனில் கொண்டுபோய் இறக்கக் கூடாது. அந்தக் கதவு ஒழுங்காகத் திறக்க 2018 ஆகிவிட்டது.

சிப் முறையில் ஒரு கால் என்பது படிக்கக்கூடிய கடிதம். வெட்டவெளிச்சமான எழுத்து. ‘இன்வைட்’ என்று ஒரு வரி, இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு, குரலை இந்த முகவரிக்கு இந்த வடிவத்தில் அனுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து 180 என்று பதில் வந்தால் மணி அடிக்கிறது; 200 வந்தால் எடுத்துவிட்டார்கள்; 486 என்றால் பிஸி. பேசி முடித்தால் ‘பை’. குரல் இந்தக் கடிதத்தோடு போகாது. அது தனி வழியில், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் வீதம், நொடிக்கு ஐம்பதாக ஓடும். கால் எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க இனிமேல் இடுப்பில் டெஸ்ட் போன் மாட்டிக்கொண்டு கம்பம் ஏற வேண்டாம், அந்தக் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால் போதும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கம்பெனி மாறத் தீர்மானித்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, “பில்லு எவ்வளவுங்க குறையும்?” நியாயமான கேள்விதான். ஆனால் திட்டத்தை அங்கே தொடங்கினால் கோணலாகும். கால் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கும் காலம் மலையேறிவிட்டது. இப்போது மிச்சம் வருவது சேனல் எண்ணிக்கையில். ஆகவே முதலில் லைன்கள் எங்கெங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி நடப்பது.

ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவரை வரவழைத்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த மரக்கதவைத் திறந்தால் உள்ளே வயர் ஜோடிகளைச் சொருகும் கிரோன் மாட்யூல்கள், அவற்றின் மேல் ஒட்டடை, ஒட்டடைக்குள் பல வண்ணத்தில் ஜம்பர் வயர்கள். ஒரு முனையில் டோனரை மாட்டிவிட்டு இன்னொரு முனையில் ப்ரோபைப் பிடித்து, ‘பீ... பீ...’ சத்தம் வருகிற ஜோடியாகத் தேடிக்கொண்டே போனார். ஆபரேட்டர் அம்மா பழைய டைரியில் கையால் எழுதி வைத்திருந்த லிஸ்டை நான் வாசித்தேன். பாதி பெயர்கள் ஓய்வுபெற்றவர்களுடையவை. லிஸ்டில் இல்லாத ஒரு ஜோடி உயிரோடு இருந்தது.

“இது எங்கீங்கண்ணா போகுது?”

“அதத் தொட்டுராதீங்க தம்பி. அது லிஃப்ட்டுக்குப் போறதுங்க.”

லிஃப்ட்டுக்குள் சிக்கியவர் பட்டனை அழுத்தினால் நேராக வாட்ச்மேன் அறைக்கு அடிக்கும் லைன். எந்த பில்லிலும் லிஃப்ட் என்று பெயர் இல்லை. இப்படி இன்னும் சில கிளம்பின. ஏற்றுமதிப் பிரிவில் ஒரு ஃபேக்ஸ் மெஷின். பழைய வாடிக்கையாளர் ஒருவர் இன்னும் அதில்தான் ஆர்டர் அனுப்புகிறார். எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஒரு மோடம். ஸ்டோர்ஸில் திருட்டு அலாரம். ஷட்டர் உடைந்தால் தானாக நம்பர் போட்டுக் கூப்பிடுகிற பெட்டி. இவை எல்லாம் மனிதக் குரலுக்காகப் போட்ட செம்பில், குரல் மாதிரி ஒலி எழுப்பியே காலம் தள்ளியவை. பேச்சைப் பாக்கெட்டாக நறுக்கும்போது நடுவில் ஒன்றிரண்டு தவறினால் மனிதக் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது. ஃபேக்ஸுக்கு டி.38 என்று தனி முறை இருக்கிறது. வழியில் உள்ள எல்லாப் பெட்டியும் அதைப் பேசினால் ஓடும். ஒன்று பேசாவிட்டாலும் பக்கத்தின் பாதியில் நின்றுவிடும். ஃபேக்ஸை மின்னஞ்சலுக்கு மாற்றினோம். எடைமேடையை லேனில் சேர்த்தோம். அலாரத்துக்கு சிம் கார்டு போட்டோம். லிஃப்ட் ஜோடியை விட்டுவைத்தோம்.

அடுத்தது எத்தனை சேனல். இதற்கு ஒரு டேனிஷ்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங். இபிஏபிஎக்ஸ் பதிவுகளை எடுத்து, ரொம்பவும் நெரிசலான ஒரு மணி நேரத்தைப் பிடித்தோம். தோட்டத்துக்காரர்கள் சர்வீஸுக்குக் கூப்பிடும் காலை நேரம் அது. அந்த ஒரு மணியில் 200 கால், சராசரியாக மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 600 நிமிஷம், அதாவது 10 எர்லாங். நூற்றுக்கு ஒருவருக்கு மேல் பிஸி கேட்கக் கூடாது என்றால் 18 சேனல் வேண்டும் என்கிறது அவர் அட்டவணை. முப்பதுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலாளிக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

பதினெட்டுப் பேச்சுக்கு எவ்வளவு பேண்ட்வித்? குறைக்காத ஜி.711 முறையில், தலைப்பு எல்லாம் சேர்த்து ஒரு காலுக்கு ஒரு பக்கம் சுமார் 87 கேபிபிஎஸ். மொத்தம் 1.6 எம்பிபிஎஸ்கூட இல்லை. நூறு எம்பிபிஎஸ் இன்டர்நெட் வைத்திருக்கும் இடத்தில் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். சிக்கல் அளவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. டிசைன் பிரிவில் யாரோ பெரிய ட்ராயிங் ஃபைலை மேலே அனுப்பும் நேரத்தில் குரல் பாக்கெட் அதற்குப் பின்னால் நிற்க வேண்டியதாகும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் பேச்சு முட்டிக்கொள்ளத் தொடங்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், அப்புறம் இருவரும் “நீங்க சொல்லுங்க” என்பார்கள். அதனால் ஸ்விட்சிலும் ரௌட்டரிலும் குரலுக்கு முன்னுரிமை எழுத வேண்டும். அதைவிட நல்லது, ஆபரேட்டர் கம்பெனி குரலுக்கென்றே தனி ஃபைபர் இழுத்துக் கொடுப்பது. நம் ஊரில் சிப் ட்ரங்க் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. பொது இன்டர்நெட்டைத் தொடாமலே எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடும்.

ரொம்ப நாள் விவாதித்தது நம்பரைப் பற்றித்தான். மொபைல் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள 2011 முதல் நாடு முழுக்க வசதி இருக்கிறது. லேண்ட்லைனுக்கு இல்லை. ஆபரேட்டரை மாற்றினால் நம்பர் போச்சு. மலிவாக விலை சொன்ன வேறு ஆபரேட்டர்களும் இருந்தார்கள். சேல்ஸ் மேனேஜர், “இப்பல்லாம் யாருங்க லேண்ட்லைனுக்குக் கூப்பிடறாங்க?” என்றார். சர்வீஸ் பிரிவு தலைவர் பதில் பேசாமல் முந்தின மாசத்து இன்கமிங் லிஸ்டை எடுத்து மேசையில் வைத்தார். தகட்டில் ரிவெட் அடித்த நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறவர் அதில் நிறைய. இருக்கிற ஆபரேட்டரிடமே சிப் ட்ரங்க் கேட்பது, பழைய நம்பரைப் புது லைனில் ஏற்றித் தருவதாக எழுத்தில் வாங்குவது என்று முடிந்தது. எழுத்தில் வாங்குவது என்பதை அடிக்கோடிட்டே சொல்கிறேன். வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்ன ஆளுக்கு அடுத்த மாதமே ட்ரான்ஸ்ஃபர் வரக்கூடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. அகமதாபாத் கிளையிலிருந்து சொந்த இணைப்பில் கோவைக்கு வந்து, இங்கே உள்ளூர்க் காலாக இறக்கிக் கட்டணத்தைத் தவிர்க்கலாமே என்று ஐடி பையன் ஒரு யோசனை சொன்னான். அதற்கு டோல் பைபாஸ் என்று பெயர், நம் நாட்டில் கூடாது. இன்னொன்று புதிதாகச் சேர்ந்தது: பதிவு செய்யாமல் விளம்பரக் கால்கள் போட்டால், அந்த நிறுவனத்தின் பிஆர்ஐ, சிப் உட்பட எல்லா இணைப்பையும் துண்டித்து, இரண்டு வருஷம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆபரேட்டர்களுக்கு உத்தரவிட்டது. தீபாவளி ஆஃபரை டீலர்களுக்கு ஆட்டோ டயலரில் சொல்லலாம் என்ற சேல்ஸ் பிரிவின் திட்டம் அதோடு அடங்கியது.

டயல் பிளான் எழுத உட்கார்ந்தால் பூஜ்யம் குறுக்கே வந்தது. வெளி லைன் எடுக்க 0 அழுத்துவது இபிஏபிஎக்ஸ் வழக்கம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குக் கூப்பிட முன்னால் ஒரு 0 சேர்க்க வேண்டும். ஆக இரண்டு பூஜ்யம். வெளிநாட்டுக்கும் இரண்டு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், அதற்கு முன் வெளி லைன் பூஜ்யம், மொத்தம் மூன்று. பழக்கத்தில் ஒன்று கூடக்குறைய அழுத்துகிறவர்களின் கால் எங்கே போய் இறங்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எழுதினோம். ஐஎஸ்டியை இரண்டே எக்ஸ்டென்ஷனுக்குத் திறந்தோம், அதுவும் பகலில் மட்டும். பொது இன்டர்நெட்டில் சிப்புக்கான 5060 என்ற போர்ட்டைத் திறந்து வைத்தால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும். எக்ஸ்டென்ஷன் 100-க்குப் பாஸ்வேர்டும் 100 என்று இருந்தால், சனிக்கிழமை இரவு உள்ளே நுழைந்து திங்கள் காலை வரை கட்டணம் அதிகமான வெளிநாட்டு நம்பர்களுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பில் கம்பெனிக்கு வரும். டயலில் தொங்கிய குட்டிப் பூட்டின் வேலையை இனி யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

பிஆர்ஐயை வெட்டாமல் சில வாரம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினோம். முதலில் வெளியே போகும் கால்கள் மட்டும் புது வழியில். அங்கேதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய வியாதி வந்தது: கிளை அலுவலகத்தைக் கூப்பிட்டால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை. கடிதங்களை எடுத்துப் படித்தோம். ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்ற இடத்தில் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்குப் பதில் ‘எங்கள் வீட்டுப் பின்கட்டு’ என்று அச்சடித்த மாதிரி. ரௌட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி உண்டு, இதைத் திருத்தி உதவுவதற்காக வைத்தது. பல ரௌட்டர்களில் அது உதவப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிடும். அதை அணைத்துவிட்டு, எல்லையில் எஸ்பிசி பெட்டி ஒன்றை வைத்து முகவரியை அது மாற்றி எழுதும்படி செய்தோம். சரியானது.

இன்கமிங்கை மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆபரேட்டர் அம்மா லீவு எடுக்காமல் வந்து, வீட்டிலிருக்கும் மகளைக் கூப்பிடச் சொல்லிச் சோதித்துக்கொண்டார். குரல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று அவர் சொன்னதை வெறும் கரிசனம் என்று எடுத்துக்கொண்டேன். அதே ஜி.711, அதே 8,000 அளவு. தெளிவு புது ரிசீவரால் வந்திருக்கும்.

கடைசிச் சண்டை மின்சாரத்துக்கு. செம்பில் எக்ஸ்சேஞ்ச் சுமந்த எல்லாம் இப்போது கம்பெனி வாசலுக்குள் வந்துவிட்டன. ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், எஸ்பிசிக்கு வேண்டும், சர்வருக்கு வேண்டும், ஸ்விட்ச்சுக்கு வேண்டும். மேசைப் போனுக்கு லேன் கேபிள் வழியே பிஓஇ முறையில் போகிறது. 2003-ல் அந்தத் தரநிலையை வகுத்தவர்கள் தேர்ந்தெடுத்ததும் அதே 48 வோல்ட் அளவுதான். இப்போது அதை ஊட்டுவது கம்பெனியின் சொந்த ஸ்விட்ச். ஈபி போனால் ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடியில் ஸ்விட்ச் அணைந்து எழுந்தால் பேச்சு எல்லாம் அறுந்து, போன்கள் மறுபடி பதிவாகச் சில நிமிஷம் பிடிக்கும். ஆகவே யூபிஎஸ். ஃபேக்டரி யூபிஎஸ்ஸில் மாட்டினால் லேத் கிளம்பும்போது வோல்டேஜ் ஆடும் என்று தனியாக ஒன்று வாங்கினார்கள்.

வாங்கியபின் அது யாருடைய பொறுப்பு என்ற பேச்சு எழுந்தது. பேட்டரி மெயின்டனன்ஸ் வேலை என்றது ஐடி. டெலிபோன் சாமான் ஐடி வேலை என்றது மெயின்டனன்ஸ். அதுவரை இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வேலையே இருந்ததில்லை, எக்ஸ்சேஞ்சில் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பொறுப்பை மெயின்டனன்ஸிடம் கொடுத்துத் தீர்ப்புச் சொன்னார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், மெயினை வேண்டுமென்றே இறக்கி எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்கிறது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். லிஃப்ட் ஜோடியையும் அன்றைக்கே பட்டன் அமுக்கிச் சோதிக்க வேண்டும். அதற்கு இன்னும் பழைய செம்புதான். மாத வாடகை தனியாக வருகிறது. அக்கவுண்ட்ஸ் அதை எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.